கடிதம் சுமந்த இருவர்

நாணயம் ஒன்று மேலே எழுந்து கீழே விழுகிறது. தலை. மறுபடியும் சுண்டப்படுகிறது. மறுபடியும் தலை. திரை விலகும்போது நாம் காணும் இரு இளைஞர்களும் நெடுநேரமாக இந்த விளையாட்டில் ஈடுபட்டிருக்கிறார்கள். ஒருவனுடைய பணப்பை நிரம்பிவிட்டது, மற்றவனுடையது வற்றிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கை 92-ஐத் தொடும்வரை பூ ஒருமுறைகூட விழவில்லை. இவ்வாறு நிகழ்வதற்கான வாய்ப்பைக் கணக்கிட விரும்புவோர் 5 என்று எழுதி, அதன் பின்னே 27 சுழியங்களை இட்டுக்கொள்ளலாம். அத்தனை முறைக்கு ஒருமுறை என்பதே அதன் வாய்ப்பு. வெல்பவனுக்கு இதில் வியப்பேதும் இல்லை. நண்பனின் பணத்தை இவ்வளவு எடுத்துக்கொள்கிறோமே என்று சற்றுக் கூச்சம் மட்டுமே. தோற்பவனுக்கோ பணத்தைப் பற்றிய கவலை இல்லை. உலகத்தின் அச்சாணி எங்கோ கழன்றுவிட்டதோ என்னும் அச்சமே அவனை வாட்டுகிறது.

டாம் ஸ்டாப்பார்டு எழுதிய ‘ரோசன்கிரான்ஸும் கில்டன்ஸ்டேர்னும் இறந்துவிட்டனர்’ என்னும் ஆங்கில நாடகத்தின் தொடக்கம் இது. 1966 ஆகஸ்டில் எடின்பரோ விழாவை ஒட்டி நடந்த சிறு நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இது முதன்முதல் மேடையேறியது. அடுத்த ஏப்ரலில் இலண்டன் ஓல்டு விக் அரங்கில் தேசிய நாடகக் குழுவே இதனை நடித்தது. ஆசிரியருக்கு அப்போது வயது 29. பின்னர் 1990-இல் அவரே இதனைத் திரைப்படமாக்கி, வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருதினைப் பெற்றார். 2025 நவம்பரில் தம் 88-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தை அறிந்தவர்களுக்கும் இவ்விருவரின் பெயர்கள் சட்டென நினைவுக்கு வருவதில்லை. அந்நாடகத்தில் இவர்களின் இடம் அவ்வளவு சிறியது. நம் பங்குகளில் தவக்காலத்தில் நடைபெறும் பாடுகளின் நாடகத்தில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவரைவிடச் சற்று மேல், அவ்வளவே. டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டின் இளமைத் தோழர்கள் இவர்கள். தமையனைக் கொன்று அரியணை ஏறிய கிளாடியஸ், மருமகன் ஹாம்லெட்டின் மனத்தில் என்ன இருக்கிறது என்று உளவறிய இவர்களை வரவழைக்கிறான். பின்னர் ஹாம்லெட்டை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லுமாறு பணித்து, முத்திரையிட்ட கடிதம் ஒன்றையும் இவர்களிடம் கொடுத்தனுப்புகிறான். கடிதத்தைக் கொண்டுவருபவர்களோடு வரும் ஹாம்லெட்டைக் கொன்றுவிட வேண்டும் என்பதே அதிலுள்ள செய்தி. கப்பலில் ஹாம்லெட் இரவோடிரவாக அதனை எடுத்துப் படித்து, கொண்டுவருபவர்களையே கொல்லுமாறு வேறொரு கடிதம் எழுதி வைத்துவிடுகிறான். கடைசிக் காட்சியில் தூதுவர் ஒருவர் வந்து இருவரும் இறந்துவிட்டதாக ஒற்றை வரியில் அறிவிக்கிறார். அந்த வரியே ஸ்டாப்பார்டின் நாடகத்துக்குத் தலைப்பாயிற்று. (‘ரோசன்கிரான்ஸ்’ என்பது ஜெர்மன் மொழியில் ரோசா மலர் மாலையையும் நம் செபமாலையையும் குறிக்கும் சொல். டென்மார்க்கில் இப்பெயரில் உண்மையாகவே ஓர் உயர்குடி இருந்தது. கட்டுரைக்கு இதனால் பயனில்லை எனினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

ஸ்டாப்பார்டு செய்த புதுமை இதுதான். ஓரத்தில் நின்ற இருவரையும் மேடையின் நடுவே நிறுத்திவிட்டார். ஹாம்லெட்டையும் அரசனையும் அரசியையும் வந்துபோகும் பாத்திரங்கள் ஆக்கிவிட்டார். அரண்மனையில் நடக்கும் பெருங்கதை இவர்களுக்குத் துண்டு துண்டாகவே தெரிகிறது. விடியற்காலையில் ஒரு தூதுவன் வந்து பெயர் சொல்லி அழைத்தான் என்பதற்கு முந்தைய நினைவே அவர்களிடம் இல்லை. எதற்காக அழைத்தான்? தெரியாது. தங்களுள் யார் ரோசன்கிரான்ஸ், யார் கில்டன்ஸ்டேர்ன் என்பதிலேயே குழப்பம். அரசனும் அரசியும் பெயரை மாற்றி அழைத்தால் இவர்களும் மாறி மாறித் தலைவணங்குகிறார்கள். நேரத்தைப் போக்குவதற்குக் கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்லும் ஒரு விளையாட்டை ஆடுகிறார்கள். ஹாம்லெட்டை விசாரிக்கச் சென்று, 27-க்கு 3 என்ற கணக்கில் அவனிடம் தோற்றுத் திரும்புகிறார்கள். அதாவது அவன் கேட்டவை 27, விடையளித்தவை 3.

1961-இல் மார்ட்டின் எஸ்லின் என்னும் திறனாய்வாளர் இத்தகைய நாடகங்களுக்கு ‘அபத்த நாடகம்’ என்று பெயரிட்டு ஒரு நூல் எழுதினார். இரண்டு போர்களால் நொறுங்கிய ஐரோப்பாவில் மனித வாழ்வுக்குப் பொருளும் திசையும் காண இயலாது தவித்தவர்களின் நாடகங்கள் அவை. 1953-இல் பாரிசில் அரங்கேறிய சாமுவேல் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ அவற்றுள் தலையாயது. ஸ்டாப்பார்டின் இருவரும் பெக்கெட்டின் இரு நாடோடிகளுக்கு உடன்பிறந்தவர்கள் என்று பலரும் எழுதியுள்ளனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பெக்கெட்டின் நாடோடிகள் வருவாரா என்று தெரியாத ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் கையில் எதுவும் இல்லை. இவர்கள் கையிலோ ஒரு கடிதம் இருக்கிறது.

இந்நாடகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் குழப்பத்தைப் பற்றியும் நிச்சயமின்மையைப் பற்றியுமே பேசுகின்றனர். அது தவறன்று. முதல் இரண்டு அங்கங்களில் இவ்விருவரின் அறியாமை உண்மையானது. அவர்கள் நடிக்கவில்லை, மறைக்கவில்லை. ஊர்சுற்றி நாடகமாடும் குழுவின் தலைவன் ஒருவன் அவர்களிடம், இக்குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்த புதுமையன்று, மாந்தர் எல்லாரும் இவ்வாறுதான் நாளைக் கழிக்கிறார்கள் என்ற பொருள்பட அறிவுரை கூறுகிறான். அதைக் கேட்கும்போது நமக்கும் ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது. நம்முள் எவர் தம் வாழ்க்கைக் கதையின் முதல் பக்கத்தைக் கண்டவர்? அழைத்த குரல் ஒன்று உண்டு என்பது மட்டும் தெரியும். எதற்கு அழைத்தது என்பதைப் பாதி வழி கடந்த பின்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அப்படியிருக்க இவர்களைப் பழிப்பானேன்?

மேலும் அவர்கள் தீயவர்களும் அல்லர். மூன்றாம் அங்கத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. எந்தக் கையில் நாணயம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டில் கில்டன்ஸ்டேர்ன் எந்தக் கையைத் தொட்டாலும் வெல்கிறான். பிறகுதான் தெரிகிறது, ரோசன்கிரான்ஸ் இரண்டு கைகளிலும் நாணயம் வைத்திருந்தான் என்பது. ஏன் அப்படிச் செய்தாய் என்றால், நண்பன் மகிழ வேண்டும் என்பதற்காக. இவ்வளவு பரிவுள்ள ஒருவன் சிறிது நேரத்தில் என்ன செய்யப்போகிறான் என்பதில்தான் நாடகத்தின் முழுக் கனமும் தங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

கப்பல் இங்கிலாந்து நோக்கிச் செல்கிறது. ஹாம்லெட் உறங்குகிறான். அங்கே போய் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கும் இருவருள் ரோசன்கிரான்ஸ் இங்கிலாந்து மன்னனாகிறான். மன்னனின் மிடுக்கிலேயே அவன் கடிதத்தைப் பிடுங்கி, முத்திரையை உடைத்துப் படித்துவிடுகிறான். ஹாம்லெட்டின் தலையை வெட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

92 முறை தலை விழுந்த உலகத்தில், தம் பெயரையே அறியாத இவ்விருவருக்கு, முதன்முறையாக ஒன்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. உடன் வளர்ந்த தோழன் கொல்லப்படப் போகிறான். அவன் பத்தடி தூரத்தில் உறங்குகிறான். தட்டி எழுப்பினால் போதும்.

அவர்கள் எழுப்பவில்லை. ரோசன்கிரான்ஸுக்கு மனம் உறுத்துகிறது. நாம் அவன் நண்பர்களாயிற்றே, அவன் நமக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே என்று முனகுகிறான். கில்டன்ஸ்டேர்னோ படித்தவன்; வாதங்களை அடுக்குகிறான். நண்பர்கள் என்பது பிறர் சொல்லித்தானே நமக்குத் தெரியும்? மனிதன் என்றால் என்றோ ஒருநாள் இறக்கத்தான் வேண்டும். சாவு எத்தகையது என்று யாரும் அறியாதபோது அதனை ஏன் தீமை எனக் கொள்ள வேண்டும்? இதற்குச் சாக்ரட்டீசும் துணைக்கு அழைக்கப்படுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, நாமோ சிறியவர்கள். அரசர்களின் விவகாரத்தில் என்னென்ன உள்விவரம் இருக்குமோ, நமக்கு என்ன தெரியும்? வாதம் முடிந்ததும் கடிதம் மறுபடியும் அழகாகக் கட்டப்படுகிறது. உடைந்த முத்திரை கண்ணில் படாதவாறு.

எளிய மனம் ஒன்று உறுத்தியதைக் கற்ற மனம் ஒன்று தூங்கவைத்தது. இறையியல் படித்தவன் என்ற முறையில் இக்காட்சி என்னைச் சுடுகிறது. நாங்கள் குருமடத்தில் கற்ற நுண்ணிய வேறுபாடுகள் பலவும் ரோசன்கிரான்ஸின் முனகலுக்குத் துணைநின்றதைவிடக் கில்டன்ஸ்டேர்னின் வாதத்துக்கே பலமுறை பயன்பட்டுள்ளன என்று தோன்றுகிறது.

எனினும் அந்தக் கல்வியில் இக்காட்சிக்கு நேராகப் பொருந்தும் ஓர் இடமும் உண்டு. அறியாமை ஒரு செயலின் பழியை எப்போது நீக்கும், எப்போது நீக்காது என்பதைப் புனித தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்துள்ளார். உரிய கவனம் அனைத்தும் எடுத்துக்கொண்டு அம்பெய்த ஒருவன், அறியாமல் வழிப்போக்கனைக் கொன்றுவிட்டால் அது வேறு. தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ள விரும்பாமலே ஒருவன் இருந்தால் அது வேறு. அவ்வறியாமை அவன் விருப்பத்திலிருந்தே பிறந்தது, ஆகவே அவனுடைய செயலே. பின்வந்த அறநெறி நூல்கள் இதனை வெல்ல இயலாத அறியாமை, வெல்லக்கூடிய அறியாமை என்று பிரித்தன. எங்கள் பேராசிரியர்கள் இதற்குச் சொல்லும் எடுத்துக்காட்டு மாறாதது. புதருக்குள் ஏதோ அசைகிறது. மானா, மனிதனா என்று வேடனுக்குத் தெரியவில்லை. தெரியாதவரை அவன் அம்பை விடக்கூடாது. ஐயம் அவனுக்கு உரிமை தரவில்லை, கையைக் கட்டுகிறது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 16-ஆம் எண்ணில் இதே வேறுபாட்டைச் சுட்டுகிறது. வெல்ல இயலாத அறியாமையால் தவறும் மனச்சான்று தன் மாண்பை இழப்பதில்லை; உண்மையையும் நன்மையையும் தேடுவதில் அக்கறையற்றவரைக் குறித்து அவ்வாறு சொல்ல முடியாது.

கில்டன்ஸ்டேர்னின் வாதம் இம்மரபைத் தலைகீழாக்குகிறது. புதருக்குள் என்ன இருக்கிறதோ தெரியாது, ஆகவே எய்யலாம் என்கிறான். அதுவும் புதருக்குள் இருப்பது மனிதன் என்று கண்ணால் கண்ட பிறகு.

இவர்களை எண்ணும்போதெல்லாம் சாமுவேலின் இரண்டாம் நூலில் வரும் உரியாவின் நினைவு எனக்கு எழும். பத்சேபாவின் கணவனாகிய உரியாவைப் போரில் சாகவிடுமாறு தாவீது எழுதிய மடலை, உரியாவின் கையிலேயே படைத்தலைவன் யோவாபுக்குக் கொடுத்தனுப்பினார். உரியா அதனைத் திறக்கவில்லை. தம் சாவைத் தாமே சுமந்து சென்றார். மடலைத் திறந்து படித்தவன் யோவாபு. கட்டளையின் பின்னணி அவனுக்கு ஒருவேளை தெரிந்திருக்கும், ஒருவேளை தெரிந்திராது. ஆனால் கட்டளை என்னவென்று தெரியும். சொன்னபடி செய்தான், பின் அரண்மனைக்கு ஆளனுப்பிச் செய்தியும் தெரிவித்தான். நாத்தான் இறைவாக்கினர் வந்து கடிந்துகொண்டது தாவீதை. யோவாபிடம் இதுபற்றி யாரும் எதுவும் கேட்டதாக அந்த அதிகாரங்களில் இல்லை. அவன் வெறும் இடைப்பட்டவன் என்று நாமும் கடந்துவிடுகிறோம்.

ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் நம் இருவரும் உரியாவா யோவாபா என்பது தெளிவாக இல்லை. கடிதத்தில் இருப்பதை அவர்கள் அறிந்திருந்தார்களா என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். ஸ்டாப்பார்டு அந்த இடைவெளிக்குள் புகுந்து, அவர்கள் கையாலேயே முத்திரையை உடைக்கவைத்தார். உரியாக்களாகக் கப்பலேறியவர்கள் நடுக்கடலில் யோவாபுகளாக மாறுகிறார்கள். விடிவதற்குள், தம்மை அறியாமலே, மறுபடியும் உரியாக்களாகிவிடுகிறார்கள். ஏனெனில் ஹாம்லெட் எழுந்து வந்து கடிதத்தை மாற்றியாயிற்று.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். வலுவான மறுப்பு அது. இவர்கள் வேறொருவர் எழுதிய கதையின் பாத்திரங்கள் அல்லவா? தலைப்பிலேயே இறந்துவிட்டவர்கள் அல்லவா? நம் மக்கள் எதற்கெடுத்தாலும் தலையெழுத்து என்கிறார்கள். உண்மையாகவே தலையெழுத்து எழுதப்பட்டு, அச்சாகி, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மேடையேறிய பின் பிறந்தவர்கள் இவர்களே. இவர்களிடம் போய்ப் பொறுப்பைக் கேட்கலாமா? நாடகத்தின் முடிவில் கில்டன்ஸ்டேர்னே இதனை நினைத்துப் பார்க்கிறான். வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரு நொடி தொடக்கத்தில் எங்கேயோ இருந்திருக்க வேண்டும், எப்படியோ அதனைத் தவறவிட்டோம் என்கிறான்.

நான் இந்த இடத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். அவன் சொல்வது தவறு என்றே ஒவ்வொரு முறையும் படுகிறது. அந்த நொடி தொடக்கத்தில் இல்லை. தூதுவன் வந்து அழைத்த விடியற்காலையில் அவர்களுக்கு எதுவும் தெரியாது. அப்போது வேண்டாம் என்றிருந்தாலும் அதற்கு ஒரு பொருளும் இருந்திராது. அந்த நொடி கப்பலில், முந்தைய இரவு, நிலவொளியில், பிரித்த கடிதம் கையில் இருந்தபோது வந்தது. ஷேக்ஸ்பியர் எழுதிய எதுவும் அந்நொடியில் அவர்கள் வாயை அடைக்கவில்லை. எழுந்து வந்து தோழனிடம் சொல்லியிருந்தால் ஹாம்லெட் தானாகக் கண்டுபிடித்ததை இவர்கள் சொல்லி அறிந்திருப்பான்; அவ்வளவே. அவனுடைய கதையில் ஒரு சொல்கூட மாற வேண்டியதில்லை. மாறியிருக்கக்கூடியது இவர்களின் கதை மட்டுமே. அந்நொடியைக் கில்டன்ஸ்டேர்ன் மறந்துவிட்டான் என்பது வியப்பன்று. வசதியற்ற நினைவுகள் தொடக்கத்தை நோக்கிப் பின்வாங்கும். அங்கே எல்லாருமே அப்பாவிகள்.

சிறியவர்கள் என்ற அந்தச் சொல்லுக்கு மீண்டும் வருகிறேன். ஸ்டாப்பார்டு 1937-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லீன் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தையார் அங்கிருந்த பாட்டா காலணி நிறுவனத்தின் மருத்துவர். 1939-இல் நாசிப் படை நுழைந்தபோது குடும்பம் சிங்கப்பூருக்குத் தப்பியது. 1942-இல் ஜப்பானியர் அந்நகரையும் நெருங்க, தாயும் இரு சிறுவர்களும் கப்பலேறி இந்தியா வந்தனர். பின்தங்கிய தந்தை உயிருடன் வந்து சேரவில்லை. தாயார் டார்ஜிலிங்கில் பாட்டா கடையொன்றை நடத்த, மகன் அங்கே பள்ளி சென்றான். தாய் ஆங்கிலேய அதிகாரி ஒருவரை மறுமணம் செய்ததால் 1946-இல் இங்கிலாந்து சேர்ந்து, அவருடைய குடும்பப் பெயரையே தம் பெயராகக் கொண்டார். தம் தாத்தா, பாட்டிமார் நால்வரும் யூதர்கள் என்பதும், அவர்கள் நாசிகளின் கையில் மடிந்தனர் என்பதும் 1990-களில், ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அவருக்கு முழுமையாகத் தெரியவந்தன.

அந்த முதியவர்களின் சாவும் ஒரு தாளில்தான் தொடங்கியது. பட்டியல் எழுதியவர், முத்திரை குத்தியவர், தொடர்வண்டிக்கு நேரம் குறித்தவர், வீட்டுக் கதவைத் தட்டியவர் என எத்தனையோ கைகளில் அத்தாள் மாறியிருக்கும். போருக்குப் பின் விசாரணைக் கூண்டுகளில் நின்ற பலரும் தாம் சிறியவர்கள், மேலிடத்து விவரம் அறியாதவர்கள் என்றே சொன்னார்கள். 1961-இல் எருசலேமில் விசாரிக்கப்பட்ட ஐக்மன், அத்தொடர்வண்டிகளை ஏற்பாடு செய்தவன், அவனும் அதையே சொன்னான். ஸ்டாப்பார்டு இதனை மனத்தில் வைத்து நாடகம் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. தம் குடும்பத்தின் கதையே அப்போது அவருக்குச் சரியாகத் தெரியாது. ரோசன்கிரான்ஸையும் ஐக்மனையும் ஒரே தட்டில் வைப்பதும் அநீதி. ஆயினும் அக்கப்பல் காட்சியைப் படிக்கும்போது அந்தத் தாள் என் கண்முன் வராமல் இருப்பதில்லை.

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதியவன் தன்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். குருப்பட்டம் பெற்ற மறு ஆண்டு ஒரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். கிளைப்பங்கு ஒன்றுக்குத் திருப்பலி நிறைவேற்றப் புறப்பட்டபோது, அங்கிருந்த உபதேசியாரிடம் கொடுக்கும்படி பங்குத்தந்தை ஒட்டிய உறை ஒன்றைத் தந்தார். திருவிழாக் கணக்கு தொடர்பாக இருவருக்கும் மனத்தாங்கல் இருந்தது எனக்குத் தெரியும். உபதேசியார்மீது குற்றமில்லை என்பதும் ஏறத்தாழத் தெரியும். உறைக்குள் என்ன இருக்கும் என்பதை மொபெட்டில் போகும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே போனேன். புறப்படுமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பூசை முடிந்ததும் கொடுத்தேன். அவர் என் முன்னிலையிலேயே பிரித்துப் படித்து, முன்பிருந்த மடிப்பிலேயே மடித்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கோயிலில் மணி அடித்தவர். “சாமி, இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். “தெரியாதுங்க” என்றேன். நான் படிக்கவில்லை, ஆகவே அது பொய்யில்லை என்று அப்போதும் கணக்குப் போட்டேன். “சரி சாமி, காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்றார். குடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

ஆகையால் ஹாம்லெட் இவர்களைக் குறித்துச் சொல்வதை என்னால் எளிதாக ஏற்க முடிவதில்லை. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் அங்கத்தில், நடந்ததைத் தோழன் ஹொரேஷியோவிடம் விவரிக்கும் ஹாம்லெட், அவர்களின் சாவு தன் மனச்சான்றைத் தொடவில்லை என்கிறான். அந்த வேலையை அவர்களே விரும்பி ஏற்றார்கள் என்கிறான். அதில் உண்மை இல்லாமல் இல்லை. புல்லாங்குழல் ஒன்றை நீட்டி, இதை வாசிக்கத் தெரியாத நீங்கள் என்னை மட்டும் வாசித்துவிடலாம் என்று நினைத்தீர்களோ என அவன் முன்பே முகத்துக்கு நேராக எச்சரித்திருந்தான். அதற்குப் பிறகும் அவர்கள் அரசனின் பணியை விடவில்லை. ஆனால் ஹாம்லெட் எழுதி வைத்த மாற்றுக் கடிதத்தில் ஒரு சிறு குறிப்பு உண்டு. கத்தோலிக்கர்கள் நின்று படிக்க வேண்டிய குறிப்பு அது. கொண்டுவருபவர்களை உடனே கொல்லுக, பாவசங்கீர்த்தனம் செய்வதற்கும் நேரம் தராமல் கொல்லுக என்று அவன் எழுதுகிறான்.

இதே ஹாம்லெட்டின் தந்தைதான் ஆவியாக வந்து, நற்கருணையும் பூசுதலும் இன்றிப் பாவங்களோடு அனுப்பப்பட்டேனே என்று புலம்பியவர். இதே ஹாம்லெட்தான் கிளாடியஸ் முழந்தாளிட்டுச் செபிப்பதைக் கண்டு, இப்போது கொன்றால் இவன் விண்ணகம் போய்விடுவானே என்று வாளை உறையிலிட்டவன். ஆன்மாவின் கணக்கு என்னவென்று அவனைவிட நன்றாக அறிந்தவர் அந்த அரண்மனையில் இல்லை. குழப்பத்தில் கிடந்த இரு சிறியவர்கள் தோழனின் உடலைச் சாவுக்கு விட்டார்கள். எதிலும் ஐயத்தோடு தயங்கித் தயங்கி நின்ற பெரியவன், இந்த ஒன்றில் தயங்காமல், தோழர்களின் ஆன்மாவுக்கும் சேர்த்து ஆணையிட்டான். ஹொரேஷியோ அதைக் கேட்டு, அப்படியானால் அவ்விருவரும் சாவுக்குப் போகிறார்கள் என்று மட்டும் சொல்கிறான். பாராட்டவில்லை. ஹாம்லெட் அவசரமாகத் தன்னை நியாயப்படுத்தத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

ஸ்டாப்பார்டு இவர்களைத் தூக்குமேடையில் காட்டுவதில்லை. இரண்டாம் கடிதத்தைப் படித்த பின், முதலில் ரோசன்கிரான்ஸ், பின்னர் பேசிக்கொண்டிருக்கும்போதே கில்டன்ஸ்டேர்ன், ஒளி வட்டத்திலிருந்து மறைந்துபோகிறார்கள். உடனே மேடை முழுவதும் ஒளி பெற, நாம் ஷேக்ஸ்பியரின் கடைசிக் காட்சிக்குள் இருக்கிறோம். அரசன், அரசி, இளவரசன், எல்லாரும் பிணமாகக் கிடக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த தூதுவர் உள்ளே நுழைகிறார். அவரும் ஒரு செய்தியைச் சுமந்து கடல் கடந்து வந்தவர். கட்டளை சொன்னபடி நிறைவேறிற்று என்று அறிவிக்கிறார். கேட்க வேண்டிய காதுகள் அடங்கிவிட்டன. நன்றியை யாரிடம் பெற்றுக்கொள்வது என்று அவர் சுற்றுமுற்றும் பார்க்கிறார்.